நூலகர் திண்ணை: பாட்டுக்கு எந்த அலமாரி?

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வாசகி, இசைக்குறிப்புப் புத்தகங்களை நூலகங்கள் எப்படி அடுக்குகின்றன என்று கேட்டிருந்தார். "மற்ற புத்தகங்களைப் போல அல்ல" என்று ஒரே வரியில் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. தொண்டி முதல் பாம்பன் வரை கடலோரத்து ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஓய்வு பெற்ற நூலகருக்கு வேறு என்ன வேலை? இந்த மாதம் முழுவதும் பாட்டுதான்.

கேள்வி: அம்மா, எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் பீரோவில் மூன்று தலைமுறைப் பாட்டுத் தாள்கள் கிடக்கின்றன. சில ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதுவது), சில டோனிக் சோல்ஃபா (ஸ்வரங்களை எழுத்துகளால் எழுதுவது), பல வெறும் வரிகள். அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தோம். தேவைப்படும் நேரத்தில் ஒன்றும் அகப்படுவதில்லை. பெரிய நூலகங்களில் என்ன செய்கிறார்கள்?
(பாடகர் குழுப் பொறுப்பாளர், தங்கச்சிமடம்)

பதில்: அகர வரிசையில் குற்றமில்லை. ஆனால் அது பாட்டின் பெயர் தெரிந்து வருகிறவருக்கு மட்டுமே உதவும். உங்கள் பீரோவைத் திறக்கிறவர் பெயரோடா வருகிறார்? "வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை. டெனர் பாடுகிற இரண்டு பேரும் கடலுக்குப் போய்விட்டார்கள். பெண் குரல்கள் மட்டும்தான், கீபோர்டு உண்டு. என்ன இருக்கிறது?" என்றுதானே கேட்கிறார். நாவலை ஒருவர் தனியாக உட்கார்ந்து படித்துவிடுவார். இசைக்குறிப்பை வாசிக்க ஆள் வேண்டும், கருவி வேண்டும். அதனால் யார் எழுதியது, எதைப் பற்றியது என்பதற்கு முன்னால் 'எத்தனை பேர், எந்தக் கருவி, எந்தக் குரல்' என்ற கேள்விக்கு நூலகம் பதில் வைத்திருக்க வேண்டும்.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஆஸ்கர் சானக். வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இசைப் பிரிவுக்கு 1902 இல் தலைவரானவர். அவர் வகுத்த பகுப்புத் திட்டம் 1904 இல் அச்சில் வந்தது. மூன்றே பெரிய பிரிவுகள். வாசிப்பதற்கான இசைக்குறிப்புகளுக்கு 'எம்', இசையைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களுக்கு 'எம்.எல்.', கற்றுக்கொள்வதற்கான புத்தகங்களுக்கு 'எம்.டி.'. பாடுகிறவர் ஒரு வரிசைக்குப் போவார், படிக்கிறவர் இன்னொன்றுக்குப் போவார், பயிலுகிறவர் மூன்றாவதற்குப் போவார். ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

'எம்' வரிசைக்குள் போனால், தனிக் கருவிக்கான இசை முன்னால் வரும். பியானோ 20 இல் தொடங்குகிறது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழுவுக்கு 450 முதல் 454 வரை. முழு ஆர்க்கெஸ்ட்ரா 1000 இல் தொடங்குகிறது. ஆப்பரா 1500 இல். தேவாலயக் குரலிசை 2000 ஐ ஒட்டி வருகிறது. ஏறத்தாழ, ஆள் கூடக் கூட எண்ணும் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதோடு முடியவில்லை. ஒரே ஆப்பரா பல வடிவங்களில் அச்சாகிறது. நடத்துநர் பார்க்க எல்லாக் கருவிகளும் அடங்கிய முழு ஸ்கோர். பாடகர்கள் ஒத்திகை பார்க்க, ஆர்க்கெஸ்ட்ராவைப் பியானோவுக்குச் சுருக்கிய குரல் ஸ்கோர். கையில் வைத்துப் படிக்கச் சிறிய அளவு ஸ்கோர். வயலின்காரருக்கு வயலின் பங்கு மட்டும் கொண்ட தனித்தாள். சானக் திட்டத்தில் ஆப்பராவின் முழு ஸ்கோர் 1500 க்கும் குரல் ஸ்கோர் 1503 க்கும் போகின்றன. நால்வர் குழு இசையானால் பட்டியலில் 'ஒரு ஸ்கோர், நான்கு தனித்தாள்கள்' என்று எண்ணிக்கையோடு எழுதுவார்கள். இது கணக்குப்பிள்ளை வேலை அல்ல. நான்கில் ஒன்று திரும்பி வராவிட்டால் மீதி மூன்றும் வாசிக்க உதவாது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், நால்வர் குழுவின் நான்கு தனித்தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து, காலிகோ போட்டு, தங்க எழுத்தில் தலைப்புப் பொறித்துப் பைண்டு செய்து வைத்திருந்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. வாசிக்க வேண்டுமானால் நாலு பேரும் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார வேண்டும்.

உங்கள் பீரோவுக்கு வாஷிங்டன் எண் தேவையில்லை. ஒரு பாட்டுக்கு ஓர் உறை, ஓர் உறைக்கு ஓர் எண்: 1, 2, 3 என்று வந்த வரிசையிலேயே. அகர வரிசையை பீரோவிலிருந்து பட்டியலுக்கு மாற்றுங்கள். பட்டியலில், அது நோட்டோ கணினியோ, ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வரி, பாடல் எழுதியவர், இசையமைத்தவர், குரல் பகுதிகளைப் பிரித்து அமைத்தவர் (இவர் வேறு ஆளாக இருப்பார், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்), குரல்கள், பக்கவாத்தியம், குறிப்பின் வகை, பிரதிகளின் எண்ணிக்கை. பிறகு திருவருகைக் காலமா, தவக்காலமா, பாஸ்கா காலமா, மரியன்னை விழாவா என்பது. வருகைப் பாடலா, காணிக்கைப் பாடலா, திருவிருந்துப் பாடலா என்பது. காலத்தை வைத்து உறைகளையே அடுக்கிவிடாதீர்கள். ஒரு பாட்டு இரண்டு காலத்துக்கும் பொருந்தும், உறை ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். பட்டியலில் அதே பாட்டை எத்தனை தலைப்பில் வேண்டுமானாலும் காட்டலாம்.

இன்னொன்று. ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களின் கடைசியில் 8.6.8.6 என்பது போன்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு அடியிலும் எத்தனை அசை என்ற கணக்கு அது. கணக்கு ஒத்துப்போனால் ஒரு பாட்டின் வரிகளை இன்னொரு பாட்டின் மெட்டில் பாடிவிடலாம். மேல்நாட்டு மெட்டுக்கு எழுதிய தமிழ்ப் பாடல்கள் உங்களிடம் இருந்தால் இந்த எண்ணையும் மெட்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மெட்டுத் தாள் தொலைந்த பாட்டுக்கும் வேறு மெட்டு கிடைத்துவிடும்.

கேள்வி: நூலக அறிவியல் படிக்கிறேன். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் வயலினுக்கு 787.2. வயலினைப் பற்றிய புத்தகம், வயலின் பயிற்சிப் புத்தகம், வயலின் இசைக்குறிப்பு மூன்றும் அங்கேயே போகின்றனவே, இது குழப்பம் இல்லையா?
(மாணவி, இராமநாதபுரம்)

பதில்: குழப்பம்தான் மகளே. சானக் பிரித்து வைத்ததை டூயி தானாகப் பிரிப்பதில்லை. அதனால் டூயியைப் பின்பற்றும் நூலகங்களில் பல, இசைக்குறிப்பின் எண்ணுக்கு முன்னால் 'எம்' போன்ற ஓர் அடையாளத்தைச் சேர்த்துத் தனி வரிசையாக வைக்கின்றன. உன் தேர்வுத்தாளில் எழுத இது போதும். ஆனால் டூயியில் இசைக்கான 780 க்குப் பின்னால் உள்ள கதை தேர்வில் வராது, அதனால்தான் சொல்ல ஆசை.

1989 இல் வந்த இருபதாம் பதிப்பில் டூயியின் இசைப் பகுதியை அடியோடு மாற்றி எழுதினார்கள். அதற்கு முன் வயலின் 787.1 இல் இருந்தது. பழைய எண்களை மாற்றாத நூலகத்தில் வயலின் புத்தகங்கள் இரண்டு இடத்தில் கிடக்கும். தேடுகிறவர் ஒன்றைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று போய்விடுவார். புதிய முறையில் எண்ணைத் துண்டு துண்டாகக் கோக்கலாம். பியானோ 786.2. சொனாட்டா என்ற வடிவம் 784.183. பியானோவின் எண்ணோடு 1 என்ற இணைப்பு எண்ணைப் போட்டு 83 ஐச் சேர்த்தால் 786.2183, பியானோ சொனாட்டா. வயலின் சொனாட்டாவுக்கு 787.2183. கருவி ஒரு துண்டு, வடிவம் ஒரு துண்டு.

இந்தக் கோக்கும் வேலை எங்கிருந்து வந்தது? பிரிட்டனில் வெளிவந்த இசை நூற்பட்டியலுக்காக எரிக் கோட்ஸ் என்பவர் 1960 இல் ஒரு பகுப்பு முறை அமைத்தார். டூயியின் புதிய இசைப் பகுதிக்கு அதுதான் முன்மாதிரி. கோட்ஸும் அவரைச் சேர்ந்தவர்களும் யாரிடம் கற்றார்கள் என்றால், நம் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதனிடம். கணக்கு வாத்தியாராக இருந்து 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். பொருளை முகம் முகமாகப் பிரித்துப் பிறகு சேர்க்கும் அவருடைய கோலன் பகுப்பு 1933 இல் வந்தது. அதில் நுண்கலைக்கு 'என்', இசைக்கு 'என்ஆர்'. அந்தச் சிந்தனை லண்டன் போய், அங்கிருந்து அமெரிக்கப் பகுப்புக்குள் நுழைந்து, நீ இன்று இராமநாதபுரத்தில் மனப்பாடம் செய்கிற எண்ணாகத் திரும்பி வந்திருக்கிறது. உன் ஆசிரியரிடம் இதைச் சொல். சொல்லித் தராதது அவர் பொறுப்பு.

கேள்வி: எங்கள் பரம்பரை நாதஸ்வரம். தாத்தா கையால் எழுதிய ஸ்வரக் குறிப்பு நோட்டுகள் இருக்கின்றன. நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். எந்த இடத்தில் வைப்பார்கள், எப்படிப் பட்டியல் எழுதுவார்கள்? ஒரே கீர்த்தனைக்கு அவர் ஒரு ராகப் பெயர் எழுதியிருக்கிறார், அச்சுப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது.
(நாதஸ்வரக் கலைஞர், தொண்டி அருகே)

பதில்: ஐயா, இடம் சுலபம். சீவாளி வைத்து ஊதும் கருவி இரட்டை நாக்குக் கருவி. டூயியில் அந்தக் குடும்பத்துக்கு 788.5. மேல்நாட்டு ஓபோவும் அங்கேதான் குடியிருக்கிறது. ஆனால் கையெழுத்து நோட்டு அச்சுப் புத்தகங்களோடு அலமாரிக்குப் போகக் கூடாது. அது சுவடிப் பிரிவுக்கு உரியது. அப்படி ஒரு பிரிவு இல்லாத நூலகத்துக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பட்டியல்தான் கடினம். கீர்த்தனைக்குத் தலைப்பு என்று தனியாக இல்லை, பல்லவியின் முதல் வரிதான் தலைப்பு. அதோடு ராகம், தாளம், இயற்றியவர், மொழி, முத்திரை (இயற்றியவர் பாட்டுக்குள் வைக்கும் அடையாளச் சொல்). நீங்கள் கேட்ட ராகப் பெயர்ச் சிக்கலுக்கு நம் ராமேஸ்வரமே உதாரணம். முத்துசுவாமி தீட்சிதர் ராமநாதசுவாமி மேல் பாடிய 'ராமநாதம் பஜேஹம்' தீட்சிதர் மரபில் காசிராமக்ரியா. மற்ற புத்தகங்களில் காமவர்த்தினி என்றோ பந்துவராளி என்றோ இருக்கும். மூன்றும் 51 ஆவது மேளம்தான், அதாவது தாய் ராக வரிசையில் 51 ஆவது. நூலகர் இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு பெயரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு பெயர்களில் தேடுகிறவரையும் அங்கே அனுப்பி வைக்க வேண்டும். மேள எண்ணையும் கூடவே எழுதிவிட்டால் சண்டையே இல்லை. தாத்தா எழுதிய பெயரை அப்படியே குறிப்பில் வைக்க வேண்டும். அவர் எந்தப் பாடாந்தரத்தை, அதாவது எந்தக் குரு மரபைச் சேர்ந்தவர் என்பதை அந்தப் பெயர்தான் சொல்லும்.

ஆட்களின் பெயரும் அப்படியே. சேதுபதி சமஸ்தானத்து வித்வான், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு, ஒரு புத்தகத்தில் பூச்சி ஐயங்கார், இன்னொன்றில் இராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார், மூன்றாவதில் வெறும் ஸ்ரீநிவாச ஐயங்கார். பட்டியலில் ஒருவராக ஆக்காவிட்டால் அவருடைய வர்ணங்களும் தில்லானாக்களும் மூன்று ஆட்களுக்குப் பங்குபோய்விடும்.

சானக் வாஷிங்டனில் தன் பகுப்பை அச்சிட்ட அதே 1904 இல், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி' அச்சேறியது. தெலுங்கு எழுத்தில், ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் கமகங்களுக்குத் தனி அடையாளங்களோடு. 72 மேளங்களின் வரிசையில் ராகங்கள். ஒவ்வொரு ராகத்துக்குள்ளும் லட்சணம், கீதம், தானம், கீர்த்தனை, சஞ்சாரி. அவர் யாரிடமும் நூலகவியல் படிக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் உள்ளடக்கமே ஒரு பகுப்புத் திட்டம். கர்நாடக இசைக்கான நூலகத்தை நான் இன்று தொடங்கினால் அமெரிக்க எண்ணை ஓரமாக வைத்துவிட்டு இந்த வரிசையில்தான் அடுக்குவேன்.

நாதஸ்வர நோட்டில் கீர்த்தனையைவிடப் பெரிய சிக்கல், கோயில் சடங்குகளில் வாசிக்கும் மல்லாரி. சாகித்யம் (பாட்டு வரிகள்) கிடையாது, ஆகவே முதல் வரி கிடையாது. ராகமும் வழக்கமாகக் கம்பீரநாட்டைதான். தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி என்று எந்தச் சடங்குக்கு வாசிப்பது என்பதை எழுதலாம். ஆனால் இரண்டு வீட்டு நோட்டுகளில் உள்ள தேர் மல்லாரிகள் ஒன்றா வேறா என்று எப்படித் தெரியும்? இதற்கு வழி மேல்நாட்டில் இருக்கிறது. 1952 இல் பாரிஸில் தொடங்கிய 'ரிஸ்ம்' என்ற பன்னாட்டு அமைப்பு, நூலகங்களிலும் தேவாலயங்களிலும் கிடக்கும் இசைச் சுவடிகளைப் பட்டியலிடுகிறது. பெயரில்லாத சுவடிகள் அதில் ஏராளம். அவர்கள் ஒவ்வொரு இசையின் தொடக்க ஸ்வரங்களையும் குறியீடாகப் பட்டியலிலேயே எழுதிவிடுகிறார்கள். ஸ்வரத்தைக் கொடுத்துத் தேடினால் வேறொரு நாட்டுச் சுவடியில் இருக்கும் அதே இசை அகப்படும். உங்கள் நோட்டுகளிலும் ஒவ்வொரு மல்லாரிக்கும் முதல் ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு சுற்று) ஸ்வரங்களையும் தாளத்தையும் குறித்துக் கொடுங்கள். இந்த வேலையை எந்த நூலகரும் உங்களைவிட நன்றாகச் செய்ய முடியாது. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எதையும் திருத்தி எழுத வேண்டாம், தப்பு என்று தோன்றினாலும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய இஸ்லாமியப் பாட்டுப் புத்தகங்கள் உள்ளன. வரிகள் மட்டும், மேலே ராகமோ இன்ன பாட்டின் மெட்டு என்றோ இருக்கும். இவை இசையா இலக்கியமா?
(வாசகர், கீழக்கரை)

பதில்: ஸ்வரக் குறிப்பு இல்லையென்றால் என் கணக்கில் இலக்கியம், பாய். தமிழ்க் கவிதைக்கான 894.8111. முனாஜாத்து, கிஸ்ஸா, படைப்போர் என்ற இஸ்லாமியப் பாட்டு வகைகள் எல்லாம் அங்கேதான். தொண்டிப் பக்கம் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபின் பாடல்களைப் பாடாதவர் உண்டா? இருந்தும் அவை கவிதை வரிசையில்தான் நிற்கின்றன, யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் 'இன்ன மெட்டு' என்ற அந்த ஒரு வரியைப் பட்டியலில் விடாமல் எழுத வேண்டும். நூலகர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான். எந்த ஊரில் எந்தக் காலத்தில் எந்த மெட்டு புழங்கியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

கேள்வி: மகள் கீபோர்டு படிக்கிறாள். பீத்தோவனின் 'மூன்லைட்' வேண்டும் என்றாள். ஒரு நூலகத்தின் கணினிப் பட்டியலில் தேடினால் எதேதோ மொழிகளில் வருகிறது. அவள் புத்தகத்தின் பின்னட்டையில் 979-0 என்று ஓர் எண் இருக்கிறதே, அது என்ன?
(வாசகி, மண்டபம்)

பதில்: அந்தப் பெயரைப் பீத்தோவன் வைக்கவில்லை, அவர் இறந்த பிறகு ஒரு விமர்சகர் நிலவொளியோடு ஒப்பிட்டு எழுதியதிலிருந்து ஒட்டிக்கொண்டது. பதிப்பாளர்கள் அவரவர் மொழியில் அவரவர் பெயரைப் போடுவதால், பட்டியலில் எல்லாவற்றையும் ஒரே சீர்மைத் தலைப்பின் கீழ் கட்டுவார்கள்: சொனாட்டா, பியானோ, எண் 14, ஓபஸ் 27 எண் 2, சி ஷார்ப் மைனர். ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண். அதைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். மொஸார்ட்டின் படைப்புகளுக்கு அதுபோல 'கே' எண், கோஷல் 1862 இல் தொகுத்தது. பாக்குக்கு 'பிடபிள்யூவி', ஷ்மீடர் 1950 இல் தந்தது. 979-0 இல் தொடங்குவது இசைக்குறிப்புக்கான ஐ.எஸ்.எம்.என். எண். 2008 க்கு முன் அது 'எம்' என்ற எழுத்தில் தொடங்கியது.

கேள்வி: உப்புக் காற்றில் எங்கள் பாட்டுத் தாள்களின் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துத் தாளையே தின்கிறது. மெல்லிய தாள், முதுகும் இல்லை. எண்ணை எங்கே ஒட்டுவது? மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன்.
(இசை ஆசிரியர், பாம்பன்)

பதில்: பின்களை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, மடிப்பின் நடுவில் வெள்ளைப் பருத்தி நூலால் மூன்று துளைத் தையல் போடுங்கள். விரித்து வைத்தால் தட்டையாக நிற்க வேண்டும். தானே மூடிக்கொள்ளும் புத்தகத்தைப் பார்த்து யாரும் வாசிக்க முடியாது. அதனால்தான் நூலகங்கள் கெட்டி பைண்டிங்கைத் தவிர்த்து, உள்ளே பை வைத்த அட்டை உறையில் தனித்தாள்களைப் போடுகின்றன. எண்ணை உறையின் முன்பக்கம் கீழ்மூலையில் ஒட்டுங்கள். உள்ளே ஒவ்வொரு தனித்தாளிலும் அதே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நம் ஊர் ஈரத்தில் மறுபக்கம் இறங்கும். பழைய தாளில் ஆண்டு இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அது அச்சுத் தகட்டின் எண். பதிப்பாளர் பெயரோடு சேர்த்துக் குறித்தால் காலத்தைக் கணிக்க உதவும். பீரோவைக் கடல் பக்கச் சுவரில் சாய்க்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு நாள் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள்.

நீங்கள் அனுப்பிய தாளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதில் ஒட்டியிருக்கும் செலோடேப்பை நான் உரிக்கவில்லை. நீங்களும் உரிக்காதீர்கள், அடியில் இருக்கும் டெனர் பகுதியும் அதோடு வந்துவிடும். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, சுவடிப் பாதுகாப்புத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.